பெரியக்காவுக்கு ஒரு தள்ளு

"பாதிக்கு மேல ஏற மாட்டேங்குது அத்தான்," என்றான் மச்சினன். முகமெல்லாம் கரி. பல் மட்டும்தான் வெள்ளையாகத் தெரிந்தது.

பல் டாக்டர் பாய்லர் மீட்டரை விரலால் தட்டிப் பார்த்தார். முள் பாதியிலேயே நின்றது. சிவப்புக் கோட்டைத் தொட இன்னும் பாதி தூரம் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் கரி போடு."

"கரி எப்பவோ தீந்துபோச்சு. மூலையில கிடந்த உடைஞ்ச பெஞ்சையும் போட்டாச்சு. இனிமே உங்களையும் என்னையும்தான் போடணும்."

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ரயில்வே தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்துகொண்டிருந்தார். கொட்டகையிலிருந்து அந்தப் பக்கத்து நடைமேடை வரை இந்த நீராவி இன்ஜின் ஒரு பெட்டியை இழுத்துக் காட்ட வேண்டும். இழுத்தால் இருக்கும். இழுக்காவிட்டால் துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

அந்த இன்ஜினுக்குச் சங்கத்தார் வைத்த பெயர் பெரியக்கா. நீராவி ரயில் அபிமானிகள் சங்கம் என்ற அந்தக் கூட்டத்துக்கு டாக்டர்தான் செயலாளர், டிரைவர், சம்பளமில்லாத துப்புரவாளர் எல்லாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடுவார்கள். பித்தளையை முகம் தெரிகிற அளவுக்குத் துடைப்பார்கள். நெருப்பு மூட்டுவார்கள், விசில் ஊதுவார்கள், புகையோடு படம் எடுப்பார்கள், அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள்.

ஓட்ட மட்டும் மாட்டார்கள். ஓட்டினால் பெரியக்காவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். ஒரே ஒரு முறை துணிந்து நீராவிக் கைப்பிடியை இரண்டு விரற்கடை இழுத்தார்கள். உள்ளே எங்கோ "ங்ங்ங்" என்று ஒரு முனகல் கேட்டது. தினமும் ஊராரின் அலறலைக் காதில் வாங்காமல் பல் பிடுங்குகிற மனிதர், அந்த ஒரு முனகலுக்குக் கண் கலங்கிவிட்டார். கைப்பிடியை உடனே மூடினார். முள் சிவப்புக் கோட்டைத் தொடாமல் இனி அவளைத் தொந்தரவு செய்வதில்லை என்று அன்றைக்கே சங்கம் முடிவெடுத்தது. முள்ளும் அதன் பிறகு சிவப்புக் கோட்டைத் தொடவில்லை.

"அத்தான், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லித் தொலை."

"பக்கத்து யார்டுல டீசல் இன்ஜின் நிக்குது. பின்னால இருந்து ஒரு தள்ளு தள்ளச் சொன்னா?"

டாக்டர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். டீசலைப் படம் எடுத்ததற்காக ஒருவரைச் சங்கத்திலிருந்தே நீக்கியவர் அவர். டீசல் என்ற சொல்லைக்கூட வாயால் சொல்ல மாட்டார். "தகரப் பெட்டி" என்பார்.

ஆனால் மறுபடி மீட்டரைப் பார்த்தார். பிறகு யார்டை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார்.

டீசல் டிரைவர் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டாக்டரைக் கண்டதும் அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. போன வருஷம் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டவர்.

"என்ன டாக்டர், இந்தப் பக்கம்?"

டாக்டர் விஷயத்தை மென்று விழுங்கிச் சொன்னார்.

"அதாவது, என் தகரப் பெட்டி வந்து உங்க மகாராணியைத் தள்ளணும்."

"தகரப் பெட்டின்னு யாரு சொன்னா?"

"என் வாயில இடுக்கியை வச்சுக்கிட்டு நீங்கதான் சொன்னீங்க. பதில் சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சே சொன்னீங்க."

"அது மயக்க மருந்து வேலை செய்யுதான்னு பார்க்கறதுக்காகச் சொன்னது."

"சரி, இப்ப மயக்கமில்லாம சொல்லுங்க. டீசலும் ரயில்தான்னு ஒரு வாட்டி சொல்லுங்க, வர்றேன்."

டாக்டர் சுற்றும் முற்றும் பார்த்தார். சங்கத்தார் யாரும் இல்லை. "டீசலும் ரயில்தான்," என்று கசாயம் குடித்த முகத்தோடு சொன்னார்.

டீசல் கடகடவென்று வந்து பெட்டிக்குப் பின்னால் கொக்கி மாட்டிச் சேர்ந்துகொண்டது. அது போட்ட சத்தத்தில் கொட்டகைக் கூரையே அதிர்ந்தது.

"ஐயோ, அணைங்க, அணைங்க! ஊருக்கே தெரிஞ்சுடும்."

"அணைச்சுட்டேன். கிளம்பறப்ப போட்டுக்கறேன். எப்பக் கிளம்பணும்னு எப்படித் தெரியும்?"

"ஒரு நீள விசில் அடிச்சா தள்ளுங்க. ரெண்டு சின்ன விசில் அடிச்சா நிறுத்துங்க."

சத்தம் அடங்கியது. ஆனால் அவ்வளவு பெரிய மஞ்சள் வண்டியை எங்கே ஒளிப்பது? மச்சினன் சங்கத்தின் துணிப் பதாகையைக் கொண்டுவந்து, டிரைவரின் ஜன்னலை மட்டும் விட்டுவிட்டு மேலிருந்து கீழ்வரை போர்த்தினான். "நீராவியைக் காப்போம்" என்ற எழுத்துகள் டீசலின் வயிற்றின் மேல் பெரிதாகத் தெரிந்தன. டிரைவர் அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

அப்போதுதான் அதிகாரி வந்து இறங்கினார். நடுத்தர வயதுப் பெண்மணி. கண்ணாடிக்குள்ளிருந்து எல்லாவற்றையும் ஒரே பார்வையில் அளந்தார்.

"கடைசியில துணி போர்த்தி நிக்குதே, அது என்ன?"

டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. "அது... சமையல் வண்டி மேடம்."

"அப்படியா! நல்லதாப் போச்சு. விடியறதுக்கு முன்னாடி கிளம்பினது, இன்னும் ஒண்ணும் சாப்பிடலை."

டாக்டர் மரத்தடிக்குப் போய் மனைவிக்குப் போன் போட்டார். "இந்தா, முட்டையும் ரொட்டியும் கொஞ்சம் செஞ்சு எடுத்துக்கிட்டு உடனே வர்றியா? பெரியக்காவோட உயிரே இப்ப உன் கையிலதான் இருக்கு."

"ஊர்ல எல்லாருக்கும் நாத்தனார் வாய்க்கறா. எனக்கு இரும்புல ஒண்ணு வாய்ச்சிருக்கு," என்று சொல்லிப் போனை வைத்தார் அந்த அம்மாள். ஆனாலும் வந்துவிட்டார். சமையல் வண்டியிலிருந்து வருவதுபோலத் தெரிய வேண்டும் என்று மச்சினன் அக்காளை ரயிலின் மறுபக்கமாகச் சுற்றி அழைத்துவந்தான்.

அதிகாரி தட்டை வாங்கிக்கொண்டு புருவத்தை உயர்த்தினார். "உங்க சமையல்காரம்மா எதுக்கு ஹெல்மெட் போட்டிருக்காங்க?"

ஸ்கூட்டரில் வந்த அவசரத்தில் கழற்ற மறந்திருந்தார். டாக்டர் ஒரு கணம்தான் தடுமாறினார். "பாதுகாப்பு விதி மேடம். எங்க சங்கத்துல கரண்டி பிடிச்சாலும் ஹெல்மெட் போட்டாகணும்."

"பிரமாதம். எங்க ஆபீஸ்லகூட இவ்வளவு ஒழுங்கு இல்லை."

"சமையல்காரம்மாவா?" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. இதற்கான கணக்கு வீட்டில் தீர்க்கப்படும் என்று டாக்டருக்குப் புரிந்தது.

சாப்பிட்டு முடித்த அதிகாரி பெட்டியில் ஏறுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவர் நேராக இன்ஜினில் ஏறினார். டாக்டரும் மச்சினனும் பின்னாலேயே தொற்றிக்கொண்டார்கள். "நானே ஓட்டிப் பார்க்கறேன். இழுக்குதா இல்லையான்னு கையில பிடிச்சாத்தானே தெரியும்?"

ஏறினவர் முதல் வேலையாக விசில் கயிற்றைப் பிடித்து இழுத்தார். பெரியக்கா கூவினாள். அதிகாரியின் முகம் பூவாக மலர்ந்தது. மறுபடி இழுத்தார். நீளமாக ஒன்று, சின்னதாக மூன்று, பிறகு கணக்கில்லாமல்.

டாக்டர் மச்சினனின் காதைப் பிடித்து இழுத்தார். "ஓடு! விசில் கணக்கு வேண்டாம்னு சொல்லு. வெள்ளைத் துண்டை ஆட்டினா தள்ளணும், சிவப்புத் துண்டை ஆட்டினா நிறுத்தணும்."

மச்சினன் ஓடிப்போய் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

"சொல்லிட்டியா?"

"சொன்னேன். அவரும் என்னவோ சொன்னாரு. இந்த விசில்ல ஒண்ணும் விளங்கலை. தலையை மட்டும் பலமா ஆட்டினாரு."

"டீசலைப் போட்டுட்டாரா?"

"இங்க பெரியக்கா சீறுற சீறல்ல பின்னால என்ன கேக்கும் அத்தான்?"

"இதைத்தானே இழுக்கணும்?" என்றபடி அதிகாரி நீராவிக் கைப்பிடியைப் பிடித்தார்.

"மெதுவா மேடம், ரெண்டே ரெண்டு விரற்கடை..."

அதிகாரி முழுக்கையையும் மடக்கி ஒரேயடியாக இழுத்தார். உள்ளே "ங்ங்ங்" என்றது. டாக்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டு வெள்ளைத் துண்டை வெளியே நீட்டிப் பைத்தியம் பிடித்தவர் போல ஆட்டினார்.

தடக்கென்று ஒரு குலுக்கல். கண்ணைத் திறந்தபோது கொட்டகையின் தூண்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

பெட்டியில் இருந்த சங்கத்தார் போட்ட கூச்சல் விசிலையே அமுக்கியது. வேலிக்கு வெளியே நின்றவர்கள் கைதட்டினார்கள். பெட்டி ஜன்னலிலிருந்து டாக்டரின் மனைவிகூட ஹெல்மெட்டைக் கழற்றி ஆட்டினார். டாக்டர் எட்டிப் பின்னால் பார்த்தார். டீசல் டிரைவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷன், நம் சந்தோஷத்தில் அவருக்கும் எவ்வளவு சந்தோஷம் என்று டாக்டர் நெகிழ்ந்துபோனார். தானும் வெள்ளைத் துண்டை இன்னும் வேகமாக ஆட்டினார்.

மச்சினன் வியர்வை வழிய, கைக்குக் கிடைத்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே உதறினான்.

"அடப்பாவி! அது சிவப்புத் துண்டு!"

இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ரயில் நிற்கவில்லை. 'நிறுத்தச் சொல்லுறோமா, முகம் துடைக்கிறோமான்னு அவ்வளவு தூரத்துல இருந்தே புரிஞ்சுக்கிட்டாரே' என்று டாக்டர் வியந்தார்.

வழியில் ஒரு சின்ன மேடு. அதிகாரி விடவில்லை, கைப்பிடியை அப்படியே பிடித்திருந்தார். புகைபோக்கி குப்குப்பென்று அடித்தது. வேகம் குறையவே இல்லை. மேடு தாண்டியதும் அவர் கைப்பிடியைத் தளர்த்த, ரயிலும் தளர்ந்தது. சற்று இழுக்க, ரயிலும் முந்தியது. இந்தப் பக்கம் கை அசைவதை அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் எப்படித்தான் கண்டுகொண்டு தள்ளுகிறாரோ! இத்தனை வருஷம் தகரப் பெட்டி என்று கேலி பேசியதை நினைத்து டாக்டருக்கு வெட்கமாக இருந்தது. இனி வரும் ஞாயிறு முதல் படமே அந்த டீசலைத்தான் எடுப்பது, அந்த டிரைவருக்கு ஆயுள் முழுக்கப் பல் வைத்தியம் இலவசம் என்று அங்கேயே மனசுக்குள் தீர்மானம் நிறைவேற்றினார்.

நடைமேடை வந்தது. டாக்டர் பிரேக் போட்டார், சிவப்புத் துண்டும் ஆட்டினார். கோடு போட்ட இடத்தில் ரயில் நின்றது.

அதிகாரி இறங்கினார். தலைமுடியெல்லாம் கலைந்து, மூக்கு நுனியில் கரியோடு, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி இருந்தார்.

"வெட்டற பேச்சுக்கே இடமில்லை. இது இங்கேயேதான் இருக்கும். இன்னிக்கே எழுதிடறேன்."

சங்கத்தார் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். டாக்டர் பெரியக்காவின் சூடான பக்கவாட்டைத் தொட்டுப் பார்த்தார். பிழைத்துவிட்டாள், அது போதும்.

"அதுமட்டும் இல்லை," என்றார் அதிகாரி. "இவ்வளவு நல்லா ஓடற வண்டியைச் சும்மா நிறுத்தி வைக்கறது பாவம். அடுத்த மாசத்துல இருந்து ஞாயிறு ஞாயிறு டிக்கெட் போட்டு ஜனங்களை ஏத்தலாம். ஒரு பெட்டி போதாது, ரெண்டு பெட்டியாப் போடுங்க. என்ன சொல்றீங்க?"

டாக்டரின் வாய் திறந்தது. வழக்கமாக வரும் பொய்கூட அதிலிருந்து வரவில்லை.

"சந்தோஷத்துல பேச்சே வரலை," என்று அதிகாரி தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டும் கையுமாக இறங்கிய சமையல்காரம்மாவிடம் இன்னொரு ரொட்டி கேட்கப் போனார்.

"அத்தான், ஞாயிறு ஞாயிறா? ரெண்டு பெட்டியா?" என்று மச்சினன் முனகினான். "உண்மையைச் சொல்லிட்டா பெரியக்கா போயிடுவா. சொல்லலைன்னா மாசக்கணக்குல டீசலை ஒளிச்சு வச்சு ஓட்டணுமே!"

"ஓட்டறேன்," என்றார் டாக்டர். "அந்த டிரைவர் கால்ல விழுந்தாவது சம்மதிக்க வைக்கறேன். நம்மகிட்ட இருக்கற ஒரே பலம் அவர்தான்டா."

நடைமேடையின் கடைசி வரை நடந்து, துணிப் பதாகையை விலக்கி, டீசலின் படிக்கட்டில் ஏறினார். உள்ளே டிரைவர் தரையில் உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ், முகமெல்லாம் வியர்வை. டாக்டரைக் கண்டதும் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டார்.

டாக்டர் அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். "ஐயா, எங்க பெரியக்கா உயிரை இன்னிக்கு நீங்கதான் காப்பாத்தினீங்க. டீசலும் ரயில்தான். டீசல்தான் ரயில்! இனிமே ஞாயிறு தவறாம வந்து..."

"என்ன டாக்டர், குத்திக் காட்டறீங்களா?" என்றார் டிரைவர். "நீங்க அணைக்கச் சொன்னதுக்கப்புறம் என் வண்டி எழும்பவே இல்லை, நிறுத்துங்கன்னு கையைக் கையை ஆட்டினேன், நீங்க பதிலுக்குத் துண்டை ஆட்டிட்டு என்னையும் சேர்த்து மேட்டுல இழுத்துட்டுப் போய்ட்டீங்களே!"