நாங்கதான் சோதோம்!

உம் தர்ஃபா ஊர்க்காரர்களுக்கு ஒரே நாளில் மவுசு கூடிவிட்டது. உலகத்திலேயே கேடுகெட்ட பாவிகள் வாழ்ந்த ஊர் தங்களுடையதுதான் என்று தெரிந்துவிட்டதே, சும்மாவா?

லூத் கடல் எனப்படும் சாக்கடலின் தென்கரையில் தக்காளியும் வாற்கோதுமையும் போட்டு, ஆடு மேய்த்துப் பிழைத்துக்கொண்டிருந்த ஊர் அது. அங்கே டமாஸ்கஸ் பக்கத்திலிருந்து ஸுஹைர் என்றொருவர் வந்து இறங்கினார். பெயருக்குப் பின்னால் 'அல்-கஷ்ஷாஃப்' என்று ஒரு வால். மறைந்ததைக் கண்டுபிடிப்பவர் என்று பொருளாம். வந்தவர் ஒரு பிடி மண்ணை அள்ளினார். மோந்து பார்த்தார். உடம்பை உதறினார்.

"கந்தக வாடை! நெருப்பு மழை பெய்த மண்! வேதத்தில் அழிந்துபோன சோதோம் இதுதான்! பெரிய பெரிய படிப்பாளிகள் தேடித் தோற்ற இடம் இதுதான்!" என்று அலறினார்.

கந்தக வாடை அந்தக் கரை முழுக்க அடிப்பதுதான். அவர் அலறும்வரை ஊர் அதை வெறும் நாற்றம் என்றே நினைத்திருந்தது.

அத்தாட்சியும் உடனே கிடைத்தது. மலையடிவாரத்தில் ஆளுயர உப்புப் பாறை ஒன்று காலங்காலமாக நின்றுகொண்டிருந்தது. சோதோமைவிட்டுத் தப்பி ஓடும்போது திரும்பிப் பார்த்து உப்புத் தூணாகிப்போன லூத்தின் மனைவி அவள்தான் என்றார் கஷ்ஷாஃப். போய்ப் பார்த்த ஆண்கள் இடுப்பு தெரிகிறது என்றார்கள். பெண்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, மாமியார் ஜாடை என்றார்கள்.

செய்தி பரவியது. பக்கத்து ஊரான தல் ரமாத்துக்குப் பொறுக்கவில்லை. "நீங்க சோதோம்னா நாங்க அதோட சேந்து அழிஞ்ச கொமோரா! பாவத்துல நாங்க என்ன உங்களுக்குக் கொறைச்சலா?" என்று ஆள் அனுப்பினார்கள்.

உம் தர்ஃபாவின் முக்தார், அதாவது ஊர்த்தலைவர், மீசையை முறுக்கினார். "நேத்து முளைச்ச பயலுக! அவனுகளுக்குப் பாவத்தைப் பத்தி என்னடா தெரியும்?"

கெரக் நகரத்திலிருந்து கூட்டம் வந்தது. எருசலேமுக்குப் போக வேண்டிய யாத்திரைக்காரர்கள் வழியை மாற்றிக்கொண்டு வந்தார்கள். பாறையிலிருந்து சுரண்டிய உப்பு மூட்டுவலிக்கு மருந்தாயிற்று, வீட்டுக்குக் காவலாயிற்று. ஊர்ச் சமையலறைகளில் இருந்ததும் அதே உப்புதான். அது குழம்புக்கு மட்டும் உதவியது.

பிறகு தூண் அழ ஆரம்பித்தது.

எல்லார் முன்னாலும் அல்ல. பாவி வந்து மண்டியிட்டால் மட்டும் பாறையில் கண் இருக்கவேண்டிய இடத்துக் குழியிலிருந்து நீர் சொட்டியது. அழாவிட்டால் வந்தவர் உத்தமர். அழுதால் பரிகாரம்: கொழுத்த ஆடு ஒன்று, வசதி உள்ளவர்களுக்கு இரண்டு. தூணுக்குப் பின்புறம் கம்பளித் திரை கட்டியிருந்தது. "பின்னால் பார்த்ததால் உப்பானவள் இவள். இவளுக்குப் பின்னால் போய்ப் பார்க்கிறவர்களும் உப்பாவார்கள்" என்று கஷ்ஷாஃப் எச்சரித்திருந்தார். யாரும் போகவில்லை. இடுப்பு தெரிகிறதா என்று எட்டிப் பார்த்த வீரர்கள்கூடப் போகவில்லை.

இந்த ஊரில்தான் ஃபித்தா இருந்தாள். அவ்வாத் என்பவரின் ஒரே மகள். நாக்கு கொஞ்சம் நீளம். நவ்வாஃப் என்பவனோடு நிச்சயம் ஆகியிருந்தது. வாற்கோதுமை அறுப்பு முடிந்ததும் கல்யாணம். ஒருநாள் கிணற்றடியில், "இத்தனை வருஷமா வராத கண்ணீர், கஷ்ஷாஃபைப் பார்த்தா மட்டும் அந்தத் தூணம்மாவுக்கு எப்படி வருது? புருஷன் மாதிரி அடிக்கிறாரோ?" என்று கேட்டுவிட்டாள். பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பு கஷ்ஷாஃபின் காதுக்குப் போயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை, வருங்கால மாமியார் உம் நவ்வாஃப், அதாவது நவ்வாஃபின் அம்மா, அவளைத் தூணின் முன் கூட்டிப்போனாள். "மருமக வாறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடறது நல்லதுதானே!"

ஃபித்தா மண்டியிட்டாள். கஷ்ஷாஃப் கைத்தடியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார். தூண் அழுதது. சொட்டுச் சொட்டாக அல்ல, தாரை தாரையாக.

"ஐயோ, இவ்வளவு அழுகையை நான் பார்த்ததேயில்லை!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டார் கஷ்ஷாஃப். கூட்டம் இரண்டடி பின்னால் நகர்ந்தது. உம் நவ்வாஃப் நிச்சய மோதிரத்தைத் திருப்பிக் கேட்டாள்.

ஃபித்தா நவ்வாஃபைப் பார்த்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒட்டகத் தோலில் செய்த நல்ல செருப்பு அது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து அவள் அழுதாள். அப்பா அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாரே தவிர வாயில் வைக்கவில்லை.

"பரிகாரம் பண்ணிடலாம் மகளே. ஆடு போனாப் போகுது. உன் பேரு போகக் கூடாது."

"பண்ணினா நான் தப்புப் பண்ணேன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்பா."

கண்ணைத் துடைத்த முந்தானை மூக்கில் பட்டது. தூணின் நீர் தெறித்து நனைந்திருந்த அதே முந்தானை. அவள் மறுபடி மோந்து பார்த்தாள்.

"அப்பா, இதை மோந்து பாருங்க."

"தண்ணிப்பை நாத்தம்" என்றார் அவ்வாத் யோசிக்காமல். ஆட்டுத்தோலில் தண்ணீர் வைத்துக் குடிக்கிற யாருக்கும் அது தெரியும். சொல்லிவிட்டு வாயைப் பிளந்தார். "அடி ஆத்தி!"

"அந்தம்மா அழறது சரி. ஆட்டுத்தோலுக்குள்ள உக்காந்தா அழறா?"

"உடனே போய் ஊரைக் கூட்டிச் சொல்லிடறேன்."

"சொன்னா நம்பமாட்டாங்கப்பா. தூண் யாருக்கு அழுததோ அவ பேச்சு எடுபடாது. அவங்களே பாக்கணும்."

அடுத்த வெள்ளிக்கிழமை முன்னெப்போதும் இல்லாத கூட்டம். அவ்வாதும் அவர் தம்பியும் ஒரு கம்பளத்தின் நான்கு முனையையும் பிடித்து எதையோ தூக்கிவந்தார்கள். அதன் மேல் தலைமுதல் கால்வரை கறுப்புப் போர்வை. உள்ளே இருந்தது குறுகி உட்கார்ந்திருந்தது. ஃபித்தாவோ கடன் வாங்கிய உடுப்பில், முகத்தை மூடிக்கொண்டு, பெண்கள் கூட்டத்தில் நின்றாள்.

"யாரது?" என்றார் கஷ்ஷாஃப்.

"தூணுக்குத்தான் எல்லாம் தெரியுமே, எஜமான்! முகம் எதுக்கு?" என்றார் அவ்வாத்.

"ஆமா, எதுக்கு?" என்றது கூட்டம். கூட்டத்துக்குப் புது வேடிக்கை பிடிக்கும்.

கஷ்ஷாஃப் தாடியைத் தடவினார். அவ்வாத் வீட்டில் இருப்பது யார் என்று அவருக்குத் தெரியாதா? "பெண்ணா?"

"பொட்டைதான்."

"கல்யாணம்?"

"அதெல்லாம் நடக்கலீங்க."

"வீட்டில் கட்டுக்காவல் இல்லையா?"

"கட்டித்தான் வெச்சிருந்தோம். என்ன பண்றது, அப்பப்போ அத்துக்கிட்டு மேயப் போயிடுது."

கூட்டம் 'த்சோ' கொட்டியது. கஷ்ஷாஃபின் முகம் மலர்ந்தது. தடி இரண்டு முறை தட்டியது. தூண் கொட்டித் தீர்த்தது.

"பார்த்தீர்களா! அந்நியனைத் தேடிப் போனவள் இவள்! மானத்தை விற்றவள்! வயிற்றில் பிள்ளை இருந்தாலும் ஆச்சரியமில்லை!"

"ரெண்டு ஈத்து ஆச்சுங்க" என்றார் அவ்வாத் பணிவாக. "ரெண்டாவது இரட்டை."

கஷ்ஷாஃப் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் போர்வைக்குள் இருந்தது முந்திக்கொண்டது.

"ம்மே...ஏ...ஏ!"

அவ்வாத் போர்வையை உருவினார். கால் கட்டப்பட்ட செம்மறியாடு ஒன்று, வாயோரம் குதிரைமசால் தழை தொங்க, ஊரைச் சுற்றிப் பார்த்தது.

கூட்டத்தில் எங்கோ ஒருவன் 'கெக்' என்று சிரித்தான். கஷ்ஷாஃப் சுதாரித்துக்கொண்டார். கெட்டிக்காரர்.

"ஜின்! ஆட்டு உருவத்தில் வந்த ஜின்! அதனால்தான் அம்மை அழுகிறாள்!"

கூட்டத்தைக் கேட்கவா வேண்டும்! பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள்! "இருக்கும், இருக்கும். ஆடு முழிக்கிற முழியே சரியில்ல" என்றாள் உம் நவ்வாஃப்.

ஃபித்தா முகத்திரையைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். யாரிடமும் பேசவில்லை. நேரே தூணுக்குப் பின்னால் நடந்தாள்.

"போகாதேடி! உப்பாயிடுவே!" உம் நவ்வாஃப் உண்மையாகவே பதறினாள். முக்தார் கண்ணைப் பொத்திக்கொண்டார். ஃபித்தாவுக்கும் உள்ளூரப் பயம்தான். பிறந்தது முதல் கேட்ட கதை, அவ்வளவு லேசில் மனசைவிட்டு இறங்குமா? ஆனாலும் திரையைக் கிழித்தாள்.

பின்னால் ஒரு பள்ளம். பள்ளத்தில் ஒரு தடியன், கஷ்ஷாஃபின் மைத்துனன். மடியில் புடைத்த தண்ணீர்ப்பை, அதிலிருந்து பாறைத் துளைக்குள் போகும் நாணல் குழல், ஒரு கையில் கடித்த வெங்காயம். பாவிகள் அதிகமானதால் அவனுக்குச் சாப்பிட நேரமே கிடைப்பதில்லை.

அவள் தண்ணீர்ப்பையோடு திரும்பி வந்தாள். தன் கையை ஒருமுறை நக்கிக் காட்டினாள்.

"வேர்வை உப்புதான். வேற உப்பு இல்ல. வேணும்னா வந்து பாருங்க. கண்ணீர் இதோ இருக்கு, தாகமா இருந்தா குடிச்சுக்கலாம்."

அதன்பின் நடந்ததை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆடு கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஆட்டைக் கேட்டார்கள். மறைந்ததைக் கண்டுபிடிக்கிறவர், தானே மறைய வழி கண்டுபிடித்து மலைப்பக்கம் ஓடினார். மைத்துனன் வெங்காயத்தோடு பின்னால் ஓடினான். இருவரும் திரும்பிப் பார்க்கவேயில்லை. அந்த மட்டில் வேதத்தை மதித்தார்கள்.

நவ்வாஃப் மோதிரத்தோடு வந்தான். "எனக்கு அப்பவே சந்தேகம்தான், ஃபித்தா."

"சந்தேகத்தைச் செருப்புக்கிட்ட சொல்லிட்டு இருந்தியா?"

"எங்கம்மா நின்னுட்டு இருந்தாங்க..."

"இவ்வளவு பெரிய கூட்டத்துல எனக்காக வாயைத் தொறந்தது அந்த ஆடு ஒண்ணுதான். போயிட்டு வா நவ்வாஃப்."

அவன் போனான். அவளுக்கு வலித்தது. ஆனாலும் கூப்பிடவில்லை.

முக்தாருக்குத்தான் மனசு ஆறவில்லை. கையில் கிடைத்த பெருமை போய்விட்டதே! ஆடுகளை எல்லாம் பிரித்துக் கொடுத்து முடித்தபின் மெல்லக் கேட்டார்: "ஏம்மா, அப்போ நம்ம ஊரு சோதோம் இல்லையா? பின்னே நிஜமான சோதோம் எங்கேதான் இருக்கு?"

ஃபித்தா செம்மறியாட்டின் கால்கட்டை அவிழ்த்தபடி சொன்னாள்:

"அதுக்கு மண்ணை மோந்து பாக்க வேணாம் மாமா. மூளையைக் கழட்டி வெச்சுட்டு, ஒருத்தி மேல பழி போட எங்கே கூட்டம் சேருதோ, அந்த இடம்தான். போன வெள்ளிக்கிழமை இங்கேதான் இருந்துச்சு."