ஒட்டிச் சொல்லு!

மொழி பேசுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மொழி செய்கிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். எங்கள் தெருக்காரர் பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் அடுத்தவர் கண்ணைச் சோதித்துவிட்டு, மாலையில் வீடு திரும்பி, சட்டையைக்கூடக் கழற்றாமல், உலகத்தில் உள்ள மொழி எதுவும் உருப்படியில்லை என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டிருப்பவர். அதில் சொற்கள் எல்லாம் பொடிப்பொடி. ‘லு’ என்றால் நான், ‘பெ’ என்றால் வேண்டும், ‘கி’ என்றால் கல்யாணம். எல்லாவற்றையும் இடைவெளியில்லாமல் ஒட்டி ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். மூச்சு விட்டீர்களோ, தொலைந்தீர்கள்!

செய்த மொழியைப் பேச ஆள் வேண்டாமா? குடும்பம் எதற்கு இருக்கிறது! சாப்பாட்டில் உப்புக் குறைந்தாலும் ஒட்டித்தான் கேட்க வேண்டும். இரண்டே நாளில் மனைவி, “எனக்கு உப்பே வேணாம்” என்று பத்தியத்தில் இறங்கிவிட்டார். மகள் மட்டும் விடாமல் கற்றுக்கொண்டாள். அவளுக்குக் காரியம் ஆக வேண்டியிருந்தது. எதிர்க்கடைத் தையல்காரரைக் கட்டிக்கொள்ள அப்பாவின் சம்மதம் வேண்டும். “அப்பா, ஒரு விஷயம்...” என்று ஆரம்பித்தாலே, “ஒட்டிச் சொல்லு!” என்று கையைக் காட்டிவிடுவார்.

ஒரு மாலை எதிரே போய் நின்றாள்.

“லு பெ தோ கி மா?” தையல்காரரைக் கல்யாணம் செய்துகொள்ளட்டுமா என்று அர்த்தம்.

மனிதர் துள்ளி எழுந்தார். “என்னம்மா, நடுவுல இவ்வளவு ஓட்டை! ஒட்டும்மா, ஒட்டு!”

“லுபெதோகிமா?”

“ஆகா! இதத்தாம்மா நான் இத்தன நாளா எதிர்பார்த்தேன்! அப்படியே வச்சுக்கோ, யார் சொன்னாலும் மாத்திடாதே!”

“அம்மா, அப்பா சரின்னுட்டாரு!”

“நானும் கேட்டேன்டி” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

பூரிப்பு தாங்காமல் மனிதர் அந்த வாக்கியத்தைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். தையல்காரரிடமே இரண்டு தடவை சொன்னார். கல்யாணச் சட்டைக்கு அளவெடுக்க மாப்பிள்ளை நாடாவோடு வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் மனிதருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“நான் எப்போ சரின்னேன்?”

“ஊருக்கே சொல்லிட்டு வந்தீங்களே” என்றார் மனைவி. “கைய நல்லா நீட்டுங்க, அளவு எடுக்கட்டும்.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நேற்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உங்கள் தங்கை எழுதியதில் எழுத்துப்பிழை என்று விரட்டி விரட்டித் திருத்தினீர்களே, அவள் என்ன சொல்லியிருந்தாள்?