தோய்க்காத சேட்டு

“புதுசெல்லாம் முள்ளுக் குத்தினமாதிரி அக்கா. இவரின்ரை பழைய நீலச் சேட்டுத்தான் உடம்புக்குச் சுகம்.”

கிணற்றடியில் கஜேந்தினி பக்கத்து வீட்டு அருந்ததியிடம் சொன்னது, வேலிக்கு இந்தப்பக்கம் பல் விளக்கிக்கொண்டு நின்ற கணவன் குகதாசனின் காதில் விழுந்தது. அந்தச் சேட்டில் அவனுக்கும் ஒரு கண்.

குகதாசனுக்குக் கொழும்பில் வேலை. மாதத்தில் இரண்டு நாள்தான் ஊரில், கனகராயன்குளத்தில் வாசம். வயலுக்கு இறங்கும்போது ஊர்ப் பெண்கள் எல்லோரையும்போலக் கஜேந்தினியும் புருஷனின் நீளக்கைச் சேட்டை உடுப்புக்கு மேலே மாட்டிக்கொள்வாள். அவன் விட்டுப்போன நீலச் சேட்டு அப்படித்தான் அவளுடையதானது. அவளுடைய வேர்வையும் அடுப்புப் புகையும் ஏறி, பூனைக்குட்டிபோல மெத்தென்று கிடந்தது. கொழும்பு அறையில் ஆறு ஆண்களின் குறட்டைக்கு நடுவே படுக்கிறவனுக்கு அதில் முகம் புதைத்தால் போதும். ஆனால் அதை வாய்விட்டுக் கேட்பதா? களவெடுப்பது அதைவிடக் கௌரவம்.

மாங்குளம் கடையொன்றில் அதே நீலத்தில் ஒன்று வாங்கினான். கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒளித்து, கல்லில் அடித்து, மண்ணில் புரட்டி, ஏறி மிதித்தான். பழையதில் மூன்றாவது பொத்தான் மட்டும் கறுப்பு. இதிலும் கறுப்பைத் தைத்தான். ஊசி விரலில் மூன்றுதரம் ஏறியது. பிறகு புதியது கொடிக்கும் பழையது அவன் பையின் அடிக்கும் போயின.

காலையில் கஜேந்தினி கொடியிலிருந்ததைப் போட்டாள். கழுத்தை ஒருதரம் தடவினாள்.

“என்னப்பா, கடிக்குதே?” குகதாசன் கோழிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

“இல்லையே. நல்ல சுகம்.”

வயலுக்குப் போகிறவளைப் பார்த்து அவன் மீசைக்குள் சிரித்தான்.

பின்னேரம் பஸ்ஸுக்கு வெளிக்கிடும்போது அவள் பையை இழுத்தாள். “மிளகாய்த்தூள் போத்தல் வைக்கோணும். தாங்கோ.”

“நானே வைக்கிறன்.”

“உங்களுக்கு அடுக்கத் தெரியாது. போத்தல் உடைஞ்சால் உடுப்பெல்லாம் எரியும். போய்த் தேத்தண்ணியைக் குடியுங்கோ.”

குடித்தான்.

விடியக் கொழும்பு அறையில் பையைத் திறந்து, நீலச் சேட்டை எடுத்து, கண்ணை மூடி முகத்தைப் புதைத்தான். கன்னத்தைப் பிறாண்டியது. இன்னும் போகாத கடைவாசம் மூக்கில் ஏறித் தும்மினான். உடனே போனை எடுத்தான்.

“சேட்டு மாறி வந்திட்டுது போலை.”

“மாறேல்லை. கண்ணை ஏமாத்திப்போட்டியள் அப்பா. என்ரை கழுத்தை ஏமாத்தேலாது.”

“அந்தக் கந்தல் உமக்கு என்னத்துக்கு?”

“உங்களுக்கு என்னத்துக்கு?”

குகதாசன் சேட்டின் கறுப்புப் பொத்தானைத் திருகினான்.

“புதுசை நீங்களே போடுங்கோ. வேலைக்கும் போடுங்கோ, படுக்கேக்கையும் போடுங்கோ. வரேக்கை கொண்டு வாங்கோ. தோய்க்கக்கூடாது.”

“ஏன் தோய்க்கக்கூடாது?”

அவள் போனை வைத்துவிட்டாள்.

குகதாசன் புதுச் சேட்டை மாட்டி, கழுத்துப் பொத்தானையும் பூட்டி, கழுத்தைச் சொறிந்துகொண்டே வேலைக்கு நடந்தான்.