மாமனார் செய்த மேசைப் பலகை

தட்டிலிருந்து நழுவிய ஆரஞ்சு, மேசைமேல் உருண்டு தகாமிச்சியின் மடியில் விழுந்தது. அடுத்ததும் அப்படியே.

குனிந்து பார்த்தான். பலகை நடுவில் புடைத்திருந்தது. கால் குளிராமலிருக்க மேசைக்கு அடியில் பொருத்திய ஹீட்டர், நவம்பர் முழுக்க ஓடி அடிப்பக்கத்தை உலர்த்திவிட்டது.

வேறு யார் செய்த பலகை என்றாலும் பரவாயில்லை. இது ஹிடா மலையூரில் பேர்போன தச்சரான மாமனார் கல்யாணப் பரிசாக இழைத்துக் கொடுத்தது. "மரத்தோட குணம் தெரியாத இன்சூரன்ஸ்காரன், என் பொண்ணு குணத்தை எங்க தெரிஞ்சுக்கப் போறான்?" என்று கல்யாணத்தையே எதிர்த்த மனுஷர். புத்தாண்டுக்கு முதல்முறையாக வீட்டுக்கு வருகிறார்.

தகாமிச்சி, சட்டத்தின்மேல் சும்மா வைத்திருந்த பலகையைத் திருப்பிப் போட்டான். புடைப்பு பள்ளமாயிற்று. சிந்திய மிசோ சூப் நடுவில் குளம் கட்டியது.

"கிண்ணமே வேண்டாம், இதிலயே ஊத்திடட்டுமா?" என்றாள் மனைவி சயோ.

ஈரத்துண்டு விரித்து, மேலே ஊறுகாய் அழுத்தும் கல்லையும் அரிசி மூட்டையையும் ஏற்றினான். மூன்றாம் நாள் பள்ளம் போயிருந்தது. ஆனால் ஒரு மூலை தூக்கிக்கொண்டது.

கடைசியில் ஹீட்டரையே நிறுத்தினான். பத்து நாள் இருவரும் கோட்டைப் போட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி சாப்பிட்டார்கள். அப்பாவிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்றாள் சயோ. அவன் வேண்டாமென்று கையெடுத்துக் கும்பிட்டான்.

புத்தாண்டுக் காலையில் பலகை ஜம்மென்று நேராகக் கிடந்தது. தகாமிச்சிக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமனார் பெரிய பையோடு வந்தார், கூடவே மாமியாரும். மாமனார் உட்காரும் முன்பே ஒரு கண்ணை மூடிப் பலகையை நோட்டம் விட்டார். உள்ளங்கையால் தடவினார். ஓர் ஆரஞ்சை எடுத்து வைத்தார். அது அசையவில்லை.

அவர் முகம் தொங்கிப்போனது.

"நல்லாத்தான் வச்சிருக்கீங்க," என்றார், துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில். ஊரில் வேலை கிடக்கிறதாம். மத்தியான ரயிலுக்கே கிளம்ப வேண்டுமாம்.

தகாமிச்சி மாமியாரைச் சமையலறைக்குள் அழைத்துப்போய், தான் செய்த தப்பு என்னவென்று கேட்டான்.

மாமியார் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"முதல்ல ஹீட்டரைப் போடுங்க மாப்பிள்ளை. ரிப்பேர் பண்ற சாக்குல வருஷா வருஷம் பொண்ணைப் பார்க்க வரலாம்னுதான், அந்த மனுஷன் தெரிஞ்சே காயாத மரத்துல செஞ்சு குடுத்தாரு."