மேயரின் தாளில் நான் போட்ட பூஜ்யம்

ஹார்லன் ஃபெர்ரி, அலபாமா
செவ்வாய்க்கிழமை

ஊர் வரலாற்று நூலின் ஆசிரியர், மதிப்பிற்குரிய மிஸ்டர் பிளெட்சோ அவர்களுக்கு,

ஓடில் டாரன்ட் எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் மனைவியின் முழங்கால் இப்போது மடங்குகிறது என்று கேள்விப்பட்டேன், மகிழ்ச்சி.

சென்ற வாரம் மேயர் அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. 'இவ்வீட்டில் நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர்?' என்று கேட்டிருந்தார்கள். கேட்ட கேள்விக்குச் சரியான பதிலை எழுதுவதுதான் நான் பிறந்த மொபைல் நகரத்துக் கான்வென்டில் கன்னியாஸ்திரிகள் எனக்குக் கற்றுத்தந்தது. பூஜ்யம் என்று எழுதினேன். ஐம்பத்து மூன்று வருடமாக இந்த ஊர் எனக்குச் சொன்னதைத்தானே எழுதினேன்? பாட்டன் இந்த மண்ணில் புதைந்திருந்தால்தான் ஊர்க்காரர் என்பார்கள். ஒவ்வொரு சாவு வீட்டுக்கும் உருளைக்கிழங்கு சாலட் செய்து கொண்டுபோகிறேன். அதைத் தின்றுகொண்டே பக்கத்து வீட்டு வெர்னா லூ சொல்வாள்: "மொபைல்காரங்கதானே, அதான் கடுகு போட மாட்டேங்கறாங்க. பாவம்!" உங்கள் நூலின் கையெழுத்துப்படியில் எண்பத்து நான்காம் பக்கத்திலும் 'ருஃபஸ் டாரன்ட் மொபைல் பெண் ஒருத்தியை மணந்தார்' என்றுதான் இருக்கிறது. அந்த ஒருத்திக்குப் பெயர் இல்லையா?

நேற்று மேயர் பிரூயிட் கையில் பீகான் கொட்டைப் பலகாரத்தோடு வந்து நின்றார்.

"ஓடிலம்மா, ஊர்க்கணக்குல ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது வருது. ரெண்டாயிரம் இல்லேன்னா நாம நகரம் இல்ல. ஒரே ஒரு ஆள் குறையுது."

"அந்த ஆள் எங்க போய்த் தொலைஞ்சாரு?"

"அது நீங்கதாம்மா."

"நான் மொபைல்காரியாச்சே!"

"அட, அதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொல்றது."

"ஐம்பத்து மூணு வருஷமா சும்மாவா சொன்னீங்க?"

அவர் தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார். "கல்லறைத் தோட்டத்துல உங்க வீட்டுக்காரர் ருஃபஸ் பக்கத்துல உங்களுக்கு இடம் இருக்கில்ல? அங்க போய்ப் படுத்துட்டா நீங்களும் ஊர்க்காரிதானே."

"அப்ப செத்தாத்தான் ஊர்க்காரியா? செத்தவங்களை நீங்க எண்ண மாட்டீங்களே?"

மனிதர் பலகாரத்தையும் என் தாளையும் வைத்துவிட்டுப் போய்விட்டார். இரவெல்லாம் யோசித்தேன். உயிரோடு இருந்தால் ஊர்க்காரி இல்லை. ஊர்க்காரி ஆனால் உயிரோடு இல்லை. எதை எழுதினாலும் பொய்யாகிறதே, நான் என்னதான் எழுதுவது? வெள்ளிக்கிழமை கணக்கு மாநிலத் தலைநகருக்குப் போகிறதாம். அதற்குள் நீங்கள் ஒரு முடிவு சொல்லுங்கள். நான் ஊர்க்காரி என்றால் எண்பத்து நான்காம் பக்கத்தில் என் பெயரைப் போடுங்கள். இல்லையென்றால் பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும், ஊர் நுழைவாயில் பலகையில் 'நகரம்' என்பதை நீங்களே அழித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டாருக்கும் அந்த முழங்காலுக்கும் கடவுள் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
திருமதி ஓடில் டாரன்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது எதிர்வீட்டு டாரா லின் வந்தாள். நம் தெருவைப் பற்றிய அத்தியாயத்தை அவளிடம் ஒப்படைத்திருக்கிறீர்களாமே! உடனே நிறுத்துங்கள், நானே எழுதித் தருகிறேன். பூஜ்யத்தை அடித்து ஒன்று என்று போட்டு மேயருக்கு அனுப்பிவிட்டேன். டாரா லின் பக்கத்து மாநிலமான ஜார்ஜியாவிலிருந்து வந்து பத்தொன்பது வருடம்தான் ஆகிறது. அவளுக்கு நம்ம ஊரைப் பற்றி என்ன தெரியும்?