தினம் ஒரு குஷன் பெற்றுக்கொண்ட சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நலம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வருவதுதான் முறை. நீங்கள் எல்லோரும் சௌக்கியம் என்று ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் சொன்னீர்கள். நாங்களும் சௌக்கியம் என்று நான் சொன்னேன். இரண்டில் நீங்கள் சொன்னது மட்டும் உண்மை. இந்தக் கடிதத்தைத் தனியாக உட்கார்ந்து படிக்கவும். சம்பந்தியம்மாவிடம் காட்ட வேண்டாம். அவர்கள் காதுக்குப் போனால் மாலைக்குள் உங்கள் மகள் காதுக்கு வந்துவிடும். உட்காருவதற்கு உங்கள் வீட்டில் இப்போது குறைவே இல்லை என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முன்விவரம் இல்லாமல் எந்தக் கோப்பையும் மேலே அனுப்பியவன் இல்லை நான். குடிநீர் அலுவலகத்தில் காலம் தள்ளியது அந்தப் பழக்கத்தில்தான். ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் மகளும் என் மகனும் கம்ப்யூட்டர் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்து இடுப்புப் பிடித்துப்போய், அந்த இடுப்பிலிருந்தே ஒரு வியாபாரத்தைக் கண்டுபிடித்தார்கள். நாற்காலிக் குஷன். அடுத்த தெருத் தையல்காரம்மா தைத்துத் தருவார், என் மகன் இணையத்தில் கடையைக் கட்டுவான், உங்கள் மகள் எல்லோரையும் கட்டி மேய்ப்பாள். தவறாக எண்ண வேண்டாம், அலுவலகத்திலும் அவளுக்கு அதே வேலைதான்; ப்ராஜெக்ட் மேனேஜர் என்று பெயர். அவள் இருக்கப்போய்த்தான் கடை இந்த அளவுக்கு வந்தது. என் மகனை அவன் போக்கில் விட்டால் படத்தில் குஷன் சுற்ற வேண்டும், சுற்றும்போதே நிறம் மாற வேண்டும் என்று அடுத்த வருஷம் வரை கட்டிக்கொண்டே இருப்பான். "முதல்ல கடையைத் திற. ஒரே குஷன், ஒரே கலர். சுத்தறது அப்புறம் சுத்தட்டும்" என்று ஒரே பேச்சில் அடக்கிவிட்டாள். வருகிற திங்கட்கிழமை திறப்பு என்று நாளும் குறித்தாயிற்று.

எங்கள் கூடத்துச் சுவரை மூன்றாகப் பிரித்திருக்கிறாள். செய்ய வேண்டியவை, நடப்பவை, முடிந்தவை. ஒவ்வொரு வேலையையும் ஒரு வண்ணத் தாளில் எழுதி ஒட்ட வேண்டும், வேலை நகர நகரத் தாளும் நகர வேண்டும். தினமும் காலையில் அதன் முன்னால் ஒரு கூட்டம். அதை நின்றுகொண்டுதான் நடத்த வேண்டுமாம். "உட்கார்ந்தா பேச்சு நீளும் மாமா" என்றாள். ஊருக்கெல்லாம் உட்கார வசதி செய்து கொடுக்கிற வீட்டில் நாங்கள் நான்கு பேரும் காலையில் நிற்கிறோம். ஆளுக்கு மூன்று கேள்வி: நேற்று என்ன செய்தீர்கள், இன்று என்ன செய்வீர்கள், எது தடை. மூன்றாவது கேள்விக்கு என் மனைவி தவறாமல் என்னைக் கை காட்டுவாள். "தடை வேற என்ன, இதோ நிக்கிறாரே." நான் என்ன சொல்வேன்? நேற்றுப் பேப்பர் படித்தேன், இன்றும் படிப்பேன், தடை ஒன்றும் இல்லை.

சுவரில் என் மனைவி பெயரில்கூட இரண்டு தாள் இருந்தது. என் பெயரில் ஒன்றும் இல்லை. சிரிக்காமல் கேளுங்கள் சம்பந்தி, ஓய்வு பெற்ற நாளிலிருந்து என்னுடைய ஒரு கையெழுத்துக்காகக்கூட யாரும் காத்திருந்ததில்லை. ஒரு நாள் வெட்கத்தை விட்டு, "எனக்கும் ஒரு தாள் ஒட்டும்மா" என்று கேட்டுவிட்டேன். உங்கள் மகள் சிரிக்கவில்லை. பச்சைத் தாளில் 'பார்சல் கட்டுதல் - மாமா' என்று எழுதி, என் கையில் கொடுத்து என்னையே ஒட்டச் சொன்னாள். "கடை திறக்கறதுக்குள்ள நல்லாப் பழகிக்கோங்க மாமா." கோணாமல் இருக்க அதை மூன்று தடவை எடுத்து ஒட்டினேன். உங்களிடம் சொல்வதற்கென்ன.

முன்னறையில் எனக்கு மேஜை போட்டார்கள். பக்கத்தில் லேபிள் அச்சடிக்கிற சின்ன மெஷின். இணையத்தில் யாராவது ஆர்டர் போட்டால் அவர்களுடைய முகவரி அதில் அச்சாகி வெளியே வரும். மறுநாளே ஒன்று வந்தது. எடுத்துப் பார்த்தால் உங்கள் பெயர், உங்கள் முகவரி. நெகிழ்ந்துபோனேன். கடை திறக்கும் முன்பே, மகளுக்கே தெரியாமல், அவள் வியாபாரத்துக்குக் கை கொடுக்கிறாரே, இவரல்லவா மனிதர் என்று நினைத்தேன். கடை திறக்கும் முன்பே எப்படி வாங்கினீர்கள் என்ற கேள்வி எழத்தான் செய்தது. மாப்பிள்ளை உங்களுக்கு மட்டும் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டிருப்பான் என்று நானே ஒரு நியாயம் கற்பித்துக்கொண்டேன். நீங்கள் மறைத்துச் செய்வதை அம்பலப்படுத்தக்கூடாது என்று என் மனைவியிடம்கூட மூச்சுவிடவில்லை. அலமாரியிலிருந்து ஒரு குஷனை எடுத்துக் கட்டி, 'அன்புடன் ஏற்றுக்கொள்ளவும், பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்' என்று ஒரு சீட்டும் எழுதி வைத்து, கடைக்கென்று மாதக் கணக்கில் பேசிவைத்திருந்த கூரியர்காரரிடம் கொடுத்தேன். அவர் வருகிற நேரத்தில் பிள்ளைகள் இருவரும் காதில் மாட்டிக்கொண்டு அறைக்குள் அலுவலகக் கூட்டத்தில் இருப்பார்கள். மறுநாள் இன்னொரு லேபிள் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஒரு வீட்டில் எத்தனை நாற்காலிதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் சம்பந்தியைப் பார்த்து 'இத்தனை எதற்கு' என்று கேட்பதா? வந்த தாளைக் கேள்வி கேட்காமல் அடுத்த மேஜைக்கு நகர்த்தித்தான் நான் நல்ல பெயரோடு ஓய்வு பெற்றேன்.

காலைக் கூட்டத்தில் நான் ஒளிக்கவில்லை. "நேத்து பார்சல் கட்டினேன், இன்னிக்கும் கட்டுவேன், தடை இல்ல" என்று நிமிர்ந்து நின்று சொல்வேன். "நல்லாப் பழகுறீங்க மாமா" என்பாள் உங்கள் மகள். நான் பழகுகிறேன் என்று அவள் நினைத்தாள். நான் வேலை பார்ப்பதாக நினைத்தேன்.

நடுவில் நாம் பேசிக்கொண்டதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

"வந்து சேர்ந்துதா சம்பந்தி?" என்று கேட்டேன்.

"தினமும் வருது சம்பந்தி. எதுக்கு இவ்வளவு?" என்றீர்கள்.

"எல்லாம் உங்க பெரிய மனசு."

"பெரிய மனசு உங்களுது. நாங்க என்ன செஞ்சோம்?"

"இப்படிச் சொல்றீங்க பாருங்க, அதுதான்."

அதற்கு மேல் மரியாதை செய்ய இடமில்லாமல் இருவரும் மழையைப் பற்றிப் பேசப் போய்விட்டோம். நீங்கள் விலைக்கு வாங்குகிறீர்கள் என்று நான் நினைத்தேன். நான் அன்பளிப்பு அனுப்புகிறேன் என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். நம்மில் ஒருவர் கொஞ்சம் மரியாதை குறைந்தவராக இருந்திருந்தால் அன்றைக்கே விஷயம் தெரிந்துபோயிருக்கும்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை கூட்டத்தில்தான் தலையில் இடி விழுந்தது. என் மகன் நின்றபடியே சொன்னான்: "லேபிள் மெஷின் டெஸ்ட் முடிஞ்சுது. தினமும் என் மாமனார் அட்ரஸுக்குப் போலியா ஒரு ஆர்டர் போட்டுப் பார்த்தேன். ஒண்ணுகூடத் தப்பா வரல. லேபிளையெல்லாம் அப்பா கிழிச்சுப் போட்டுட்டாருபோல, மேஜை சுத்தமா இருக்கு." உங்கள் மகள் சந்தோஷமாக அந்தத் தாளை எடுத்து 'முடிந்தவை'யில் ஒட்டினாள். எனக்கு உடனே உட்கார வேண்டும்போல இருந்தது, ஆனால் அது நிற்கிற கூட்டம். அடுத்தது என் முறை. "தடை ஏதாவது மாமா?" என்று கேட்டாள். "ஒண்ணும் இல்லம்மா" என்றேன். அந்தப் பொய்தான் சம்பந்தி, இன்னும் என் முன்னால் நிற்கிறது.

அன்று மத்தியானம் அவள் அலமாரியைத் திறந்தாள். கம்ப்யூட்டரில் அலமாரி நிறையக் குஷன் இருக்கிறது. போலி ஆர்டர் கணக்கில் குறையாதாம். அலமாரியில் இருந்தது மூன்றே மூன்று. தையல்காரம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அந்த அம்மா வாசலிலேயே நின்று, "நான் அத்தனையும் தெச்சுக் கொடுத்துட்டேன். எண்ணிப் பார்க்காம வாங்கி வெச்சது நீங்க" என்றார். உங்கள் மகள் குரலை உயர்த்தவில்லை. "சரிம்மா, இனிமே எண்ணி வாங்கிக்கறோம்" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அந்த அம்மாவின் முகம் செத்துப்போனதை நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டும் பார்த்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி தையல் மெஷினில் இருக்கிறது, பாவம் உங்கள் வீட்டு நாற்காலிகளில் இருக்கிறது.

அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதில்லை. எண்ணாதது நீ என்று அவள், எண்ணச் சொல்லாதது நீ என்று அவன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுகிறார்கள். 'பால் வாங்க வேண்டும்' என்பதுவரை சுவரில்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் கையில் சரக்குப் போய்ச் சேர்ந்து, அவர் அதில் உட்கார்ந்த பிறகுதான் ஒரு வேலை முடிந்ததாக அர்த்தம் என்று உங்கள் மகள் முதல் நாளே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அந்த இலக்கணப்படி பார்த்தால் இந்த வீட்டில் முழுதாக முடிந்த வேலை என்னுடையது ஒன்றுதான். அதை வெளியே சொல்லிக்கொள்ள முடியவில்லை.

உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். சொன்னால் யாரும் திட்ட மாட்டார்கள். "பரவாயில்ல மாமா, நீங்க ரெஸ்ட் எடுங்க" என்பாள். சத்தமில்லாமல் அந்தப் பச்சைத் தாளை எடுத்துவிடுவார்கள். மறுநாள் காலையில் நான் மறுபடியும் பேப்பர் படித்ததைச் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். அதற்குத்தான் பயப்படுகிறேன், வேறெதற்கும் இல்லை.

ஆகவே தங்களிடம் மன்றாடிக் கேட்டுக்கொள்வது, அனுப்பிய குஷன்களையெல்லாம் சனிக்கிழமைக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும். வீட்டு முகவரிக்கு வேண்டாம், தெருமுனை அச்சகக்காரர் பெயருக்கு அனுப்புங்கள்; அவர் என் சிநேகிதர், வாயைத் திறக்க மாட்டார். நான் காய்கறிப் பையில் இரண்டு இரண்டாக உள்ளே கொண்டுவந்து, வேறோர் அலமாரியில் போர்வைகளுக்குப் பின்னால் அடுக்கி, ஞாயிற்றுக்கிழமை நானே கண்டுபிடிப்பதாக இருக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம்தான், வேறு வழி தெரியவில்லை. உட்கார்ந்ததானாலும் பரவாயில்லை, இரண்டு தட்டுத் தட்டி அனுப்பினால் போதும். அக்கம்பக்கத்தில் கொடுத்திருந்தால் திருப்பிக் கேட்பது சங்கடம்தான். 'கம்பெனியில் ஏதோ டெஸ்டாம்' என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. தயவுசெய்து தொலைபேசியில் கூப்பிட வேண்டாம். இந்த வீட்டில் சுவருக்குக் காது இருக்கிறதோ இல்லையோ, தாள் இருக்கிறது. தவிரவும், நாம் இருவரும் தொலைபேசியில் பேசினால் உண்மை வெளியே வராது என்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

உங்கள் மகளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இத்தனை பேரை நிற்க வைத்து ஒரு நாள்கூட முகம் சுளிக்காதவள். திங்கட்கிழமைக்குள் இரண்டு பேரும் வாயைத் திறந்து பேசிக்கொண்டால் அது போதும் எனக்கு. சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும், வீட்டுக் குழந்தைகளுக்கு என் ஆசியையும் சொல்லவும், காரணத்தைச் சொல்லாமல். உங்கள் இடுப்பு வலி இப்போது தேவலை என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பெருந்தன்மையை மட்டுமே நம்பியிருக்கும்,
சம்பந்தி
(பார்சல் பிரிவு)

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். இந்தக் கடித உறையை ஒட்டுவதற்குள் இன்று காலைக் கூட்டம் வந்துவிட்டது. நாங்கள் நிற்கும்போதே தையல்காரம்மா ஒரு பெரிய மூட்டையோடு உள்ளே வந்தார். "மறுபடியும் தெச்சுட்டேன். கூலி வேணாம். என் பேரு கெடாம இருந்தா போதும்" என்று மூட்டையைச் சுவரோரம் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல்தான் இருக்கும், உங்கள் மகள் வழக்கம்போல என்னைக் கேட்டாள். "நேத்து என்ன செஞ்சீங்க மாமா?" கடிதம் எழுதினேன் என்றேன். "இன்னிக்கு?" அனுப்பலாம் என்று இருந்தேன் என்றேன். "தடை ஏதாவது?" "இருக்கும்மா" என்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். "நான் போட்டது போலி ஆர்டர்ப்பா" என்றான் மகன். "லேபிள் போலியா வரலியேடா" என்றேன். உங்கள் மகள் தையல்காரம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள், மறுக்க மறுக்கக் கூலியைக் கொடுத்தாள். பிறகு அவன் பக்கம் திரும்பி, "டெஸ்ட்னு அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?" என்றாள். "தினமும் என்ன கட்டறீங்கன்னு நீ கேட்டியா?" என்றான் அவன். இத்தனை நாளுக்குப் பிறகு வாயால் பேசிக்கொண்டது இதுதான். அவன்தான் முதலில் சிரித்தான், அப்புறம் அவள். அவள் சுவர்ப் பக்கம் போவதைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் பச்சைத் தாள் இருந்த இடத்திலேயே இருக்கிறது. கீழே அவள் கையெழுத்தில், 'சந்தேகம் வந்தால் கேட்கவும், சம்பந்தியாக இருந்தாலும்' என்று ஒரு வரி கூடியிருக்கிறது.

ஆகவே குஷன்கள் உங்களிடமே இருக்கட்டும். திறப்புக்குப் புது மூட்டை போதும். கடிதத்தைச் சம்பந்தியம்மாவிடம் தாராளமாகக் காட்டலாம். இதற்கு இனி வேலை இல்லைதான், ஆனால் எழுதியதை அனுப்பாமல் விட்டு எனக்குப் பழக்கமில்லை. தபால் பெட்டி எங்கே இருக்கிறது என்று இந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. நம் மெஷினோ ஆர்டர் போடாமல் லேபிள் தராது. உங்கள் மகளைக் கேட்டுவிட்டு, என் காசைக் கட்டி, உங்கள் முகவரிக்கு நானே ஓர் ஆர்டர் போட்டேன். கடிதம் அந்தக் குஷன் பார்சலுக்குள்தான் வருகிறது. அலமாரியில் ஒன்று குறைந்தது, கம்ப்யூட்டரிலும் ஒன்று குறைந்தது. இது டெஸ்ட் இல்லை, சம்பந்தி.