எட்டுப் பட்டை ரிவால்வர்

இந்த ஆயுத பூஜைக்கு முதல் பொட்டு என் ரிவால்வருக்குத்தான். மிக்ஸி, காரெல்லாம் அப்புறம். தீர்மானம் போட்டுட்டேன்.

பயந்துடாதீங்க, சுடாது. ரப்பர் மரக் கட்டையில நானே செதுக்கின 1851-ஆம் வருசத்துக் கரிமருந்து ரிவால்வர். தினமும் ஃபேக்டரி வேலை விட்டு வந்து மூணு மாசம் உயிரைக் கொடுத்தேன். இப்ப கடையில விக்கிற நகலைப் பாத்தா வயிறு எரியுது. ஒரிஜினல் பிரேம் இரும்பு. இவனுங்க பித்தளையில பண்றானுங்க. ஒரிஜினல் குண்டு அளவு முப்பத்தாறு. இவனுங்க நாப்பத்துநாலு போடறானுங்க. சரித்திரக் கொலை! என்னுதுல குழாய்க்கு எட்டுப் பட்டை, ஒண்ணுகூடப் பிசகாது. அதை வைக்க ஷோகேஸ்ல இருந்த என் மனைவி கஸ்தூரியோட கண்ணாடிக் கப்புகளை அட்டைப்பெட்டிக்கு மாத்திட்டேன்.

"ஏங்க, என் கப்பு திரும்பி வரணும்."

"சரித்திரம் பெருசா, கப்பு பெருசா?"

"அப்படியே நிஜம் மாதிரியா இருக்கு?"

"மாதிரியா? அச்சு அசல்!"

"அலமாக், எவ்ளோ தெறமை உங்களுக்கு!"

பதினெட்டு வருசத்துல அவ என்னைப் பாராட்டினதே இல்ல. அப்பவே சுதாரிச்சிருக்கணும்.

பூஜை அன்னிக்கு அவ அண்ணன் மனோகரன் யோங் பெங்ல இருக்கிற எங்க வீட்டுக்கு வந்தாரு. குளுவாங்ல போலீஸ் சார்ஜன்.

"அண்ணே, இவரு செஞ்சதப் பாருங்க! நிஜத் துப்பாக்கிக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்லையாம்!"

மனோகரன் முகம் மாறிடுச்சு. "மாப்ள, நிஜம் மாதிரி இருந்தாலே கேஸு லா. உள்ள போயிடுவீங்க."

எனக்கு வேர்த்துக் கொட்டுச்சு. "ஐயோ மச்சான், எல்லாமே தப்பு! பிடி கோணல்! குழாய் நீளம் தப்பு!"

"அச்சு அசல்னீங்களே?" இது கஸ்தூரி.

"சுத்தப் பொய்டி!"

"எட்டுப் பட்டை?"

"எண்ணாம செதுக்கிட்டேன்!"

"இவ்ளோ தப்பானத ஷோகேஸ்ல வச்சா நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா அண்ணே?"

"குழாயை அறுத்துடுங்க மாப்ள. யாருக்கும் பிரச்சினை இல்ல."

அறுத்தேன். என் கையாலேயே. அழுகையே வந்துடுச்சு. சாமிக்கு முன்னால மிக்ஸிக்குத்தான் முதல் பொட்டு விழுந்துச்சு. கப்பெல்லாம் ஷோகேஸுக்கே திரும்பிடுச்சு.

மிஞ்சின பிடியில இப்ப கஸ்தூரி பூண்டு நசுக்குறா. நேத்து ரசம் ஊத்தும்போது சொன்னா: "கையில கச்சிதமா உக்காருதுங்க. இதுல ஒரு தப்பும் இல்ல."